சீட்டாட்டத்தை ஆராய்ந்த தர்க்கப் பேராசிரியர்

1980ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இரண்டு வெளியீடுகள் வந்தன. ஒன்று, 1979 ஏப்ரல் 23 அன்று லண்டனின் சௌத்தால் பகுதியில் காவல்துறை நடந்துகொண்ட விதத்தை விசாரித்த, அரசு சாராத குழு ஒன்றின் அறிக்கை. மற்றது, டாரட் சீட்டுக்கட்டு எங்கே பிறந்தது, எந்த ஊரில் எப்படி ஆடப்பட்டது என்று ஏறத்தாழ 600 பக்கங்களில் ஆராயும் வரலாற்று நூல். அந்தக் குழுவின் தலைவரும் இந்த நூலின் ஆசிரியரும் ஒருவரே. ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் அதற்கு முந்தைய ஆண்டுதான் விக்கம் தர்க்கப் பேராசிரியராகப் பொறுப்பேற்றிருந்த மைக்கேல் டம்மெட்.

பேராசிரியர்களுக்குப் பொழுதுபோக்கு இருப்பது புதிதல்ல. டம்மெட்டுக்கு முன் அதே பதவியில் இருந்த ஏ. ஜே. அயர், டாட்டன்ஹாம் கால்பந்து அணியின் தீவிர ரசிகர். வேலை முடிந்தால் மைதானம், மைதானம் முடிந்தால் வேலை. டம்மெட்டின் விஷயம் அப்படிப்பட்டதல்ல. சீட்டாட்ட வரலாறு, வாக்குமுறைகள், குடிவரவுச் சட்டம் என்று எதில் இறங்கினாலும், அந்தத் துறையில் முழுநேரமாக இருப்பவர்கள் புறக்கணிக்க முடியாத அளவுக்கு வேலை செய்தார். அவருடைய மெய்யியலைப் படித்தவர்கள் சீட்டு நூல்களைப் படிப்பதில்லை. சீட்டு ஆராய்ச்சியாளர்களுக்கு அவருடைய மெய்யியல் தேவைப்படுவதில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எல்லா இடத்திலும் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது: “எதை வைத்து இப்படிச் சொல்கிறாய்?”

வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1925 ஜூன் 27 அன்று லண்டனில் பிறந்தார். வின்செஸ்டர் பள்ளியில் படித்தார். 1943இல் ராணுவத்தில் சேர்ந்தார். ஜப்பானிய மொழி கற்பிக்கப்பட்டு, இடைமறித்துப் பிடிக்கப்பட்ட ஜப்பானியச் செய்திகளை மொழிபெயர்க்க டெல்லிக்கு அனுப்பப்பட்டார். போர் முடிந்ததும் மலாயாவில் பணியாற்றினார். 1947இல் ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராகச் சேர்ந்து, 1950இல் ஆல் சோல்ஸ் கல்லூரியின் ஆய்வறிஞராகத் தேர்வானார். 1979 முதல் 1992 வரை விக்கம் பேராசிரியர். 2011 டிசம்பர் 27 அன்று காலமானார்.

அவர் பிறந்து ஒரு மாதம் கழித்து, 1925 ஜூலை 26 அன்று ஜெர்மனியில் கோட்லோப் ஃப்ரேகே இறந்தார். யேனா பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த இந்த மனிதர், 1879இல் வெளியிட்ட ஒரு சிறு நூலில் நவீனத் தர்க்கத்தின் அடித்தளத்தைப் போட்டவர். வாழ்ந்த காலத்தில் அவரைப் படித்தவர்கள் மிகக் குறைவு. இன்று ஆங்கிலம் பேசும் உலகில் மெய்யியல் படிக்கும் மாணவர் ஃப்ரேகேயைத் தாண்டாமல் போக முடியாது என்றால், அதில் டம்மெட்டின் பங்கு பெரியது. ஃப்ரேகேயின் மொழி மெய்யியல் பற்றி 1973இல் அவர் வெளியிட்ட பெருநூல் அந்த ஆய்வுத் துறையின் போக்கையே நிர்ணயித்தது. மனிதன் எதை அறிய முடியும் என்பதிலிருந்து தொடங்கும், பதினேழாம் நூற்றாண்டு மெய்யியலாளர் டெக்கார்ட்டின் வழியை விட்டுவிட்டு, நாம் சொல்லும் வாக்கியத்துக்கு எப்படிப் பொருள் வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே ஃப்ரேகே கொண்டுவந்த திருப்பம் என்று டம்மெட் வாதாடினார்.

ஃப்ரேகேயை விளக்கியதோடு அவர் நின்றிருந்தால் நல்ல உரையாசிரியர் என்ற பெயரோடு போயிருப்பார். ஃப்ரேகேயின் ஓர் அடிப்படை நம்பிக்கையை அவர் மறுத்தார். பொருள் தெளிவாக உள்ள எந்தக் கூற்றும் ஒன்று உண்மை, இல்லையேல் பொய்; நமக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அது முன்பே தீர்ந்துபோன விஷயம் என்ற நம்பிக்கை அது. பெரும்பாலோர் யோசிக்காமலே ஒப்புக்கொள்வார்கள். டம்மெட் 1959இல் உண்மை என்ற கருத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறார். ஒரு மனிதர் வாழ்நாள் முழுவதும் எந்த ஆபத்தையும் சந்திக்காமலே இறந்துவிட்டார். “அவர் துணிச்சலானவர்” என்று ஒருவர் சொல்கிறார். இது உண்மையா, பொய்யா? அவருடைய துணிச்சலைக் காட்டும் செயலும் இல்லை, கோழைத்தனத்தைக் காட்டும் செயலும் இல்லை. இருந்தாலும் உள்ளே எங்கோ ஒரு குணம் இருந்திருக்க வேண்டும், அது இப்படியோ அப்படியோ இருந்திருக்க வேண்டும் என்று நாம் அடம்பிடித்தால், எதை வைத்து அடம்பிடிக்கிறோம்?

கணிதத்தில் இதே சந்தேகத்தை டச்சுக் கணிதவியலாளர் ப்ரௌவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுப்பியிருந்தார். இரண்டைவிடப் பெரிய ஒவ்வோர் இரட்டை எண்ணும் இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகை என்று ஒரு புகழ்பெற்ற ஊகம் உண்டு. 1742இல் கோல்ட்பாக் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் தொடங்கிய இந்தப் பேச்சு இன்றும் நிறுவப்படவில்லை, மறுக்கப்படவும் இல்லை. நிறுவலும் இல்லை, எதிர் எடுத்துக்காட்டும் இல்லை என்ற நிலையில், இந்த ஊகம் எப்படியும் உண்மை அல்லது பொய்தான் என்று சொல்வதற்கு நமக்கு உரிமை இல்லை என்பது ப்ரௌவர் வழியினரின் நிலை. டம்மெட் இதைக் கணிதத்துக்கு வெளியே, மொழி முழுவதற்கும் விரித்துப் பார்த்தார். ஒரு வாக்கியத்தின் பொருள் எனக்குத் தெரியும் என்பது நான் அதைப் பயன்படுத்தும் விதத்தில் வெளிப்பட வேண்டும். எந்தச் சான்றும் ஒருபோதும் எட்ட முடியாத ஓர் இடத்தில் அந்த வாக்கியத்தின் உண்மை உட்கார்ந்திருக்கிறது என்றால், அந்தப் பொருளைக் குழந்தை எப்படிக் கற்றது? கற்றுவிட்டது என்பதை எப்படிக் காட்டும்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எல்லோரையும் திருப்திப்படுத்தும் பதில் கிடைத்ததாகச் சொல்ல முடியாது.

அதே 1959 கட்டுரையில் இன்னொரு வாதம் வருகிறது. சீட்டாட்ட வரலாற்றாசிரியரை முன்கூட்டியே எட்டிப் பார்க்கச் செய்யும் வாதம் அது. ஓர் ஆட்டத்தின் விதிகளையெல்லாம் ஒருவருக்குச் சொல்லித் தருகிறோம். ஆட்டம் எந்தெந்த நிலையில் முடிந்தால் ‘வெற்றி’, எந்தெந்த நிலையில் முடிந்தால் ‘தோல்வி’ என்று பட்டியலும் கொடுத்துவிடுகிறோம். ஆனால் ஆடுபவர் வெல்வதற்காக ஆடுகிறார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அப்படியானால் வெற்றி என்றால் என்ன என்பதே அவருக்குப் புரியாது. உண்மையும் அப்படித்தான் என்கிறார் டம்மெட். எந்தெந்தக் கூற்று உண்மை, எது பொய் என்று வகுத்துக் காட்டினால் மட்டும் போதாது. ஒன்றை உண்மையென்று சொல்வதற்கு மனிதர்களிடையே என்ன வேலை இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

1964இல் எழுதிய வேறொரு கட்டுரையில் ஒரு கற்பனைப் பழங்குடி வருகிறது. இளைஞர்கள் தங்கள் ஆண்மையை மெய்ப்பிக்கச் சிங்க வேட்டைக்குப் போகிறார்கள். போக இரண்டு நாள், வேட்டை இரண்டு நாள், திரும்ப இரண்டு நாள். அவர்கள் வேட்டையில் துணிவாக நடந்துகொள்ள வேண்டும் என்பதற்காக ஊர்த்தலைவர் ஆறு நாளும் நடனமாடுகிறார். வேட்டை முடிந்துவிட்ட பிறகான கடைசி இரண்டு நாள் ஆட்டம் எதற்கு? துணிந்திருந்தால் துணிந்தாகிவிட்டது, பயந்திருந்தால் பயந்தாகிவிட்டது. நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் மதிப்பெண் பட்டியல் தயாராகிக் கணினியில் ஏற்றப்பட்டுவிட்ட நிலையில், தேர்வு முடிவு வெளியாகும் காலையில் பிள்ளையாருக்குச் சிதறுகாய் போடுபவர்கள் அந்தத் தலைவரைப் பார்த்துச் சிரிப்பதற்கில்லை. டம்மெட்டும் சிரிக்கவில்லை. தலைவர் தரப்பில் நின்று ஒவ்வொரு வாதமாக எடுத்து, நாம் வைக்கும் மறுப்புகள் நாம் நினைக்கும் அளவுக்கு வலுவானவை அல்ல என்று காட்டினார். நடந்தது என்ன என்பதைத் தலைவர் தம் நடனத்தைச் சாராமல் வேறு வழியில் அறிந்துகொள்ள முடியாதவரை, அவருடைய நம்பிக்கையில் முரண் இல்லை என்பது அவர் முடிவு.

கடந்த காலம் அவரை விடவே இல்லை. ஒரு நிகழ்ச்சிக்கு எந்தத் தடயமும் மிஞ்சவில்லை, யாருக்கும் நினைவில்லை, இனி ஒருபோதும் எதுவும் கிடைக்கப்போவதில்லை என்று வைத்துக்கொள்வோம். “அது நடந்தது” என்ற கூற்றுக்கு உண்மை, பொய் என்ற நிலை உண்டா? அவருடைய கொள்கையை அப்படியே நீட்டினால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். 1969இல் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். அந்த முடிவு அவருக்கே உவப்பாக இல்லை என்பதை அவர் மறைக்கவும் இல்லை.

இந்த மனிதர்தான் ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய சீட்டாட்டங்களின் தடயங்களைத் தேடி இறங்கினார்.

டாரட் என்றதும் இன்று நினைவுக்கு வருவது மெழுகுவத்தி, ஜோசியக்காரி, “உங்கள் வாழ்வில் பெரிய மாற்றம் வரப்போகிறது” என்ற வாக்குறுதி. அந்தச் சீட்டுகள் பண்டைய எகிப்தின் ஞானத்தைப் படங்களில் ஒளித்துவைத்தவை என்ற கதையும் கூடவே வரும். டம்மெட் இந்தக் கதையின் பிறந்த தேதியைக் கண்டு சொன்னார்: 1781. அந்த ஆண்டு பாரிசில் கூர் த ஜெப்லான் என்ற பாதிரியார் தம் பெருநூல் வரிசையின் எட்டாம் தொகுதியில், டாரட் என்பது எகிப்திய நூல் என்று அறிவித்தார். எகிப்தியச் சொற்களைக் கொண்டு பெயருக்கு விளக்கமும் கொடுத்தார். எகிப்தியச் சித்திர எழுத்துகளை ஷாம்போலியோன் படித்துக் காட்டியது 1822இல்தான். யாராலும் படிக்க முடியாத மொழியிலிருந்து ஜெப்லான் சொற்களை எடுத்து வைத்தார், உலகம் நம்பியது. சில ஆண்டுகளில் எத்தேய்யா என்ற பெயரில் எழுதிய குறிசொல்லி அதைத் தொழிலாக்கினார்.

1781க்கு முன்னால் என்ன இருந்தது? ஓர் ஆட்டம் இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பாதியில், வட இத்தாலியின் அரசவைகளில் அது தோன்றியது. வழக்கமான நான்கு இனச் சீட்டுகள் 56. அவற்றோடு 21 படச் சீட்டுகளும் கோமாளி ஒன்றும் சேர்ந்து 78. எல்லோரும் ஆளுக்கொரு சீட்டுப் போட, உயர்ந்த சீட்டுக்காரர் அந்தச் சுற்றை அள்ளிக்கொள்வார். இறக்கிய இனத்தில் சீட்டு இல்லாதவர் படச் சீட்டால் வெட்டுவார். வேறு சொற்களில், அந்த 21 சீட்டுகளும் நிரந்தரத் துருப்புகள். துருப்பு என்ற ஏற்பாடே ஐரோப்பியச் சீட்டாட்டத்துக்குள் பெரிய அளவில் நுழைந்தது டாரட் வழியாகத்தான் என்று டம்மெட் வாதிட்டார். பேரரசன், போப், காதல், தேர், நீதி, மரணம், பேய், நட்சத்திரம், நிலா, சூரியன், தேவதூதன், உலகம் என்ற படங்கள் அந்தக் காலத்து இத்தாலியர் அன்றாடம் கண்ட ஓவியங்களிலும் ஊர்வலங்களிலும் இருந்தவையே. ஆடுபவருக்குத் தேவைப்பட்டது, எந்தப் படம் எதை வெட்டும் என்ற வரிசை மட்டும்.

அந்த வரிசையில்தான் டம்மெட் தம் தடயத்தைப் பிடித்தார். ஆரம்பகாலத் துருப்புகளில் எண் அச்சிடப்படவில்லை. வரிசையை மனப்பாடமாக வைத்துக்கொண்டுதான் ஆடினார்கள். மனப்பாடமாக இருப்பது ஊருக்கு ஊர் மாறும். பழைய பட்டியல்கள், கவிதைகள், பிற்காலத்தில் எண் போட்டு அச்சிட்ட கட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒப்பிட்ட டம்மெட், இருபதுக்கு மேற்பட்ட படங்கள் தாறுமாறாகக் கலையவில்லை, மூன்று குடும்பங்களாகவே பிரிகின்றன என்று கண்டார். போலோன்யா, ஃபுளோரன்ஸ் பக்கத்தில் தேவதூதனே உச்சத் துருப்பு. ஃபெராராவில் உலகம் உச்சத்தில். அதற்கு அடுத்தது நீதி, அதற்குக் கீழேதான் தேவதூதன். மிலானில் உலகம் உச்சத்தில், தேவதூதன் அடுத்தது. நீதி எங்கோ நடுவில் இறங்கிவிடுகிறது. மிகுதியாக இடம் மாறுபவை நீதி, துணிவு, தன்னடக்கம் என்ற மூன்று நற்குணச் சீட்டுகள். அவற்றைத் தனியே எடுத்துவைத்துவிட்டால் மற்றவற்றின் வரிசை பெருமளவு ஒத்துப்போகிறது. ஒரு புதிய கட்டு கிடைத்தால், நீதி எங்கே நிற்கிறது என்று பார்த்தே அது எந்த வட்டாரத்தின் வழித்தோன்றல் என்று ஊகிக்கலாம். ஏட்டுச்சுவடிகளைப் பாடபேதம் பார்த்துக் குடும்பம் பிரிப்பவர்களுக்கு இந்த முறை பழகிய ஒன்றாக இருக்கும்.

அவர் கையாண்ட சான்றுகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சாமியாரின் திட்டு. பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில் சூதாட்டத்தைக் கண்டித்து நிகழ்த்தப்பட்ட லத்தீன் பிரசங்கம் ஒன்றின் கையெழுத்துப் பிரதி மிஞ்சியிருக்கிறது. பிரசங்கி பகடையைத் திட்டுகிறார், சாதாரணச் சீட்டைத் திட்டுகிறார், பிறகு துருப்புச் சீட்டுகளுக்கு வந்து ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் திட்டுகிறார். போப்பையும் தேவதூதனையும் சூதாட்டப் பலகையில் போடுகிறார்களே என்று அவருக்கு ஆத்திரம். அந்த ஆத்திரத்தால்தான் நமக்கு முழு வரிசையும் கிடைத்தது. அது ஃபெராரா வட்டார வரிசை. அந்தப் பிரசங்கத்தில் குறி சொல்வது பற்றி ஒரு வார்த்தை இல்லை. சீட்டை வைத்து எதிர்காலம் பார்க்கும் வழக்கம் அன்று இருந்திருந்தால், இப்படி ஒரு பிரசங்கி அதைச் சும்மா விட்டிருப்பாரா? போலோன்யாவில் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டாரட் சீட்டுகளுக்குக் குறிப்பொருள் எழுதிய தாள் ஒன்று பின்னர் கிடைத்தது. அதனால் ஜெப்லானுக்குச் சற்று முன்பே உள்ளூரில் இப்படி ஒரு பழக்கம் இருந்தது தெரியவந்தது. ஆனாலும் ஆட்டம் பிறந்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகான கதைதான் அது.

ஜோசியத்தைப் பொய்யென்று நிறுவிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு அவர் போய்விடவில்லை. ஆட்டங்களே அவருக்கு முக்கியம். சிசிலியின் சில சிற்றூர்களில் மிஞ்சியிருந்த ஆட்டம், சுவிட்சர்லாந்தின் மலைப் பகுதி ஆட்டம், ஆஸ்திரியர்கள் 54 சீட்டுகளாகக் குறைத்து ஆடும் ஆட்டம் என்று நூற்றுக்கணக்கான வகைகளின் விதிகளையும் மதிப்பெண் முறைகளையும் தொகுத்தார். ஜான் மெக்லியோடுடன் சேர்ந்து எழுதிய இரண்டு தொகுதி ஆட்ட வரலாறு 2004இல் வந்தது. அவருடைய மெய்யியல் நூல் ஒன்றும் அதே ஆண்டு வந்தது. அதன் பொருள் உண்மையும் கடந்த காலமும்.

இந்த ஒரே ஆண்டுப் பொருத்தத்தைத் தற்செயல் என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. 1440களில் மிலான் அரண்மனையில் ஒரு மாலை நடந்த ஆட்டத்தில் பிரபு தோற்றார் என்று ஒருவர் சொன்னால், எழுதிவைத்தவர் இல்லை, பார்த்தவர் உயிரோடு இல்லை. பழைய டம்மெட்டின் கொள்கைப்படி அந்தக் கூற்றுக்கு உண்மை, பொய் என்று நிலையே இல்லை. 2004 நூலில் அவர் இறங்கிவந்தார். அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்த ஒருவர் அதைச் சரிபார்த்திருக்க முடியும் என்றால், அதுவே போதும். இன்று நமக்குச் சான்று கிடைக்காமல் போனது கடந்த காலத்தை அழித்துவிடாது. காரணங்களை மெய்யியல் மொழியில்தான் தருகிறார், சீட்டுகளைக் குறிப்பிடவில்லை. ஆனால் பல ஆண்டுகள் ஒரு பழைய ஆட்டத்தின் தொலைந்துபோன விதியைத் தேடியவருக்கு, அப்படி ஒரு விதி இருந்ததா என்பதற்கே பதில் இல்லை என்று தொடர்ந்து நம்புவது எளிதாக இருந்திருக்காது. இது என் ஊகம்.

ஆட்டவிதியில் இருந்த ஆர்வம் வாக்கெடுப்பு விதியிலும் இருந்தது. 1961இல் ராபின் ஃபார்க்கர்சனுடன் சேர்ந்து ஒரு பொருளியல் இதழில் எழுதிய கட்டுரையில், வாக்காளர்கள் தந்திரமாக வாக்களித்துப் பலன் பெற முடியாத வாக்குமுறை எதுவும் பொதுவாக இருக்க முடியாது என்று ஊகித்தார்கள். 1973இலும் 1975இலும் கிப்பார்டும் சாட்டர்த்வெயிட்டும் தனித்தனியே அதை நிறுவினார்கள். 1984இல் வாக்குமுறைகள் பற்றி டம்மெட் தனி நூலே எழுதினார். அவர் மனத்தில் இருந்தவை நாடாளுமன்றத் தேர்தல்கள் மட்டுமல்ல, பல்கலைக்கழகக் குழுக் கூட்டங்களும்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மெய்யியல் துறையில் ஓர் இடம் காலி. விண்ணப்பித்தவர்களில் ஒருவர் தர்க்கவியலாளர், ஒருவர் அறவியலாளர், ஒருவர் வரலாற்றாளர். தேர்வுக் குழுவில் ஒன்பது பேர். நால்வரின் வரிசை: தர்க்கம், வரலாறு, அறம். மூவரின் வரிசை: அறம், வரலாறு, தர்க்கம். மீதி இருவரின் வரிசை: வரலாறு, அறம், தர்க்கம். ஆளுக்கொரு வாக்கு, அதிகம் பெற்றவர் வெற்றி என்றால், நான்கு வாக்குகளோடு தர்க்கவியலாளருக்கு வேலை. கடைசியில் இருப்பவரை நீக்கிவிட்டு மீண்டும் எண்ணுவோம் என்றால், இரண்டு வாக்கு மட்டுமே பெற்ற வரலாற்றாளர் வெளியேறுகிறார். அவருடைய வாக்குகள் அறவியலாளருக்குப் போய், ஐந்துக்கு நான்கு என்று அவர் வெல்கிறார். முதலிடத்துக்கு இரண்டு புள்ளி, இரண்டாமிடத்துக்கு ஒரு புள்ளி என்று கூட்டினால் வரலாற்றாளருக்கு 11, மற்ற இருவருக்கும் தலா 8. ஒன்பது பேரின் விருப்பத்தில் எள்ளளவும் மாற்றமில்லை. வேலை மட்டும் மூன்று பேருக்கு மாறி மாறிப் போகிறது. “குழுவின் முடிவு இதுதான்” என்று தலைவர் அறிவிக்கும்போது, எண்ணும் முறையைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. டம்மெட் கேட்டார். மூன்றாவதாகச் சொன்ன புள்ளி முறை அவருக்குப் பிடித்தமானது. சிறுபான்மைக் குழுக்களுக்கும் உரிய இடம் கிடைக்கும்படி அதைத் திருத்தி ஒரு தேர்தல் முறையையும் வகுத்தார். எந்த நாடும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

இடையில் 1993இல், தேர்வெழுதும் மாணவர்களுக்காக ஆங்கில இலக்கணமும் நடையும் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். விடைத்தாள் திருத்தி நொந்துபோனவரின் நூல் அது. அவருடைய மெய்யியல் நூல்களில் சில வாக்கியங்கள் அரைப் பக்கம் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த நூலின் கண்டிப்பு கொஞ்சம் வேடிக்கையாகவும் இருக்கும்.

இனி, சௌத்தால். இனவெறி மீதான வெறுப்பு தம்முள் முளைத்தது மலாயாவில்தான் என்று டம்மெட் பின்னாளில் நினைவுகூர்ந்தார். வெள்ளையர் உயர்ந்தவர் என்ற கட்டுக்கதையைக் காலனிய எஜமானர்கள் அங்கே எப்படி நடித்துக் காப்பாற்றிவந்தார்கள் என்று அவருக்குத் தெரியவந்தது. 1956இல் அமெரிக்காவில் இருந்தபோது, சான் ஃபிரான்சிஸ்கோவில் மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்தித்தார். பிறகு, கறுப்பினத்தவரின் பஸ் புறக்கணிப்புப் போராட்டம் நடந்துகொண்டிருந்த மாண்ட்கமரிக்கும் போனார். 1960களின் நடுவில், மனைவி ஆன் டம்மெட்டுடன் சேர்ந்து ஆக்ஸ்ஃபோர்டில் இன ஒருங்கிணைப்புக்கான குழு ஒன்றைத் தொடங்கினார். 1967இல் குடிவரவாளர் நலனுக்கான கூட்டுக் குழு உருவாவதில் பங்கெடுத்தார். 1968இல், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்த கென்ய இந்தியர்கள் நாட்டுக்குள் நுழைவதைத் தடுக்கும் சட்டம் மூன்றே நாளில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பெற்றோரில் அல்லது பாட்டன் பாட்டியில் ஒருவராவது பிரிட்டனில் பிறந்திருந்தால் தடையில்லை என்று விலக்கு வைத்தார்கள். நிறம் என்ற சொல்லை எழுதாமலே நிறத்தைப் பார்த்து வடிகட்டும் கெட்டிக்காரத்தனம் அது. திருப்பியனுப்பப்பட இருந்தவர்களுக்காக அதிகாரிகளிடம் வாதாட டம்மெட் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் போவார்.

ஃப்ரேகே நூல் ஏன் இவ்வளவு தாமதம் என்பதற்கு அதன் முன்னுரையிலேயே விளக்கம் இருக்கிறது. நாட்டில் தலைதூக்கும் இனவெறியை எதிர்ப்பது தம் கடமையென்று கருதியதால், சில ஆண்டுகள் மெய்யியலுக்கு நேரமே கிடைக்கவில்லை என்கிறார். உடனே அடுத்த செய்தி வருகிறது. ஃப்ரேகே தம் கடைசிக் காலத்தில் எழுதிய நாட்குறிப்பின் ஒரு பகுதியை டம்மெட் படித்திருந்தார். அதில் யூதர்களின் அரசியல் உரிமைகளைப் பறிக்க வேண்டும், அவர்கள் ஜெர்மனியை விட்டுப் போனால் நல்லது என்ற எண்ணங்கள் இருந்தன. பகுத்தறிவின் உருவமாகத் தாம் போற்றிய மனிதர் இப்படி எழுதியிருந்தது அவரை உலுக்கியது. அதை அடிக்குறிப்பில் தள்ளாமல் நூலின் முகப்பிலேயே வைத்தார். அதே 1973இல் ஆங்கிலேய இனவெறியைப் படம்பிடிக்கும் ஆன் டம்மெட்டின் நூலும் வெளிவந்தது.

1979இல் தீவிர வலதுசாரிக் கட்சியான தேசிய முன்னணி, இந்தியர்கள் பெருவாரியாக வாழும் சௌத்தாலில் தேர்தல் கூட்டம் நடத்தியது. எதிர்த்துத் திரண்ட மக்கள் மீது காவல்துறை பாய்ந்தது. ப்ளேர் பீச் என்ற பள்ளி ஆசிரியர் தலையில் அடிபட்டு இறந்தார். பொது விசாரணை வேண்டும் என்ற கோரிக்கையை அரசு ஏற்காத நிலையில்தான் டம்மெட் தலைமையிலான குழு சாட்சியங்களைச் சேகரித்தது. பீச்சை அடித்தது பெரும்பாலும் ஒரு காவலராகத்தான் இருக்க வேண்டும் என்று சொன்ன காவல்துறையின் சொந்த அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 2010இல். டம்மெட் அப்போது உயிரோடு இருந்தார். அதற்கு முன்பே, 1999இல், மெய்யியலுக்கும் இன நீதிக்கும் ஆற்றிய பணிக்காக அவருக்குச் சர் பட்டம் கிடைத்திருந்தது.

ஹீத்ரோவின் கதை தமிழர்களுக்கு அந்நியமானதல்ல. 1985இல் பிரிட்டன் இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. காமன்வெல்த் நாடு ஒன்றுக்கு அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. உயிர் தப்பி வரும் தமிழர்களைத் தடுப்பதே நோக்கம். 1987 பிப்ரவரியில், திருப்பியனுப்பப்பட இருந்த தமிழர்கள் ஹீத்ரோவில் ஆடைகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதே ஆண்டு, உரிய ஆவணம் இல்லாத பயணியை ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்குத் தலைக்கு 1000 பவுண்டு அபராதம் விதிக்கும் சட்டம் வந்தது. அகதியை எல்லையில் நிறுத்தும் வேலை அதோடு டிக்கெட் கவுண்டருக்கு மாறியது.

இவ்வளவையும் பார்த்த பிறகு, 2001இல் குடிவரவும் அகதிகளும் பற்றி டம்மெட் எழுதிய நூல், நிரூபிக்கும் பொறுப்பைத் தூக்கி மறுபக்கம் போடுகிறது. உள்ளே வர விரும்புபவர் காரணம் காட்ட வேண்டியதில்லை. தடுக்க விரும்பும் அரசே காரணம் காட்ட வேண்டும். அப்படிக் காட்டத்தக்க காரணங்களாக இரண்டை மட்டும் ஏற்கிறார். ஒன்று, நாட்டில் ஏற்கெனவே தாங்க முடியாத மக்கள்தொகை இருப்பது. மற்றது, ஒரு மக்கள் கூட்டம் தன் சொந்த மண்ணில் வேகமாக மூழ்கடிக்கப்படும் உண்மையான ஆபத்து. பிரிட்டன் இந்த இரண்டுக்கும் அருகில்கூட இல்லை என்பது அவர் கணிப்பு.

முதலாவது விலக்கோடு எனக்குச் சச்சரவு இல்லை. இரண்டாவது அவர் நினைத்ததைவிட வழுக்கலானது. 1978இல் மார்கரெட் தாட்சர், மக்கள் தாங்கள் மூழ்கடிக்கப்படுவோமோ என்று அஞ்சுகிறார்கள் என்று தொலைக்காட்சியில் பேசியபோது கையாண்டதும் ஏறக்குறைய இதே சொல்தான். பிரிட்டனைப் பொறுத்தவரை எண்ணிக்கையைக் காட்டி அதை மறுத்துவிடலாம். ஆனால் மலையக இலங்கையை எடுத்துக்கொண்டால் எண்ணிக்கை கைகொடுக்காது. தோட்ட முதலாளிகளுக்காகக் காலனிய அரசின் ஆசியோடு கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். தங்கள் மண்ணில் தாங்களே சிறுபான்மையாகிவிடுவோம் என்று கண்டிச் சிங்களத் தலைவர்கள் 1920களின் இறுதியிலேயே வாதிட்டார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் அந்தத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியபோது, பின்னால் நின்றது அந்த அச்சம்தான். இனி வரப்போகிறவர்களைத் தடுப்பதைப் பற்றித்தான் டம்மெட் பேசுகிறார், வந்து தலைமுறைகள் ஆனவர்களை வெளியே தள்ளுவதைப் பற்றி அல்ல என்று அவர் சார்பில் பதில் சொல்லலாம். அது சரியான பதிலும்கூட. ஆனால் மூழ்கும் ஆபத்து உண்மையானதா, கிளப்பிவிடப்பட்டதா என்பதைத் தீர்மானிப்பவர் யார், எந்தச் சான்றை வைத்து என்ற கேள்விக்கு அவர் நூலில் போதுமான இடம் இல்லை. அவர் வழக்கமாக மற்றவர்களைக் கேட்கும் கேள்வி அது.